உன் முதுகில் இருந்த கட்டங்கள்

மாப்ளே,

நேற்று மத்தியானம் கடையில் துணி கருகுகிற வாசனை வந்தது. பக்கத்துக் கடைக்காரனைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பார்த்தால் என் இஸ்திரிப் பெட்டி. இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இப்படி நடந்ததே கிடையாது. நடந்திருந்தாலும் வெளியே சொன்னது கிடையாது. பெட்டியைத் தூக்கினேன். வெள்ளைத் துணி, அதில் கருநீலக் கட்டம். ஓரத்தில் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. உன் மருமகன் காலையில்தான் கொண்டுவந்து போட்டுவிட்டு, "மாமா, உங்க கிளிமூக்கு வெச்சுத் தைச்சிருங்க" என்று சொல்லிப் போயிருந்தான்.

அந்த வாசனையும் அந்தக் கட்டமும் சேர்ந்தாற்போல் வந்ததும் பெட்டியை ஓரமாக வைத்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுகிறேன். வாத்தியார் மட்டும் என்மேல் பொறாமைப்படாமல் இருந்திருந்தால் ஒன்பதாவதும் படித்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

கிளிமூக்கைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன். சட்டையின் முதுகில், தோளை ஒட்டி ஒரு மேல்துண்டு வரும். எல்லாத் தையல்காரனும் அதை நேராக வெட்டுவான். நான் மட்டும் நடுவில் கிளியின் மூக்குப்போல் கூர்மையாக இறக்கி வெட்டுவேன். ஆண்டாள் கையிலிருக்கும் கிளி கனவில் வந்து சொன்ன வெட்டு என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் ஒருநாள் கத்திரி வழுக்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்த மேல்துண்டுக்குள் இன்னொரு துணியும் கொடுத்து இரட்டை மடிப்பாகத் தைப்பேன். அதில் பொய் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அப்படித் தைப்பவன் நான் ஒருவன்தான்.

நீ என் தங்கச்சியைக் கட்டிய வருடம் தலைதீபாவளிக்கு உனக்குச் சட்டை தைத்தேன். மச்சான் சீர் இல்லையா, சும்மா விடுவேனா? வெள்ளைத் துணியில் பட்டை பட்டையாகக் கருநீலக் கட்டம். சிங்கப்பூரிலிருந்து வந்த துணி என்று உன்னிடம் சொன்னேன். மதுரையில் எடுத்ததுதான். நீ போட்டுப் பார்த்து, திரும்பி நின்று, "மச்சான், பட்டாளத்துல எல்லாப் பயலும் வயிறெரியப் போறான்" என்றாய். அன்று நான் சாப்பிட்ட சோறுதான் ருசியான சோறு.

எண்பதாம் வருடம் சித்திரையில் லீவில் வந்தாய். முதல் சந்தேகம் அப்போதுதான் எனக்கு விழுந்தது. கோடை மழை பெய்து செண்பகத்தோப்பு ஓடையில் தண்ணீர் ஓடியது. நாம் இருவரும் குளிக்கப் போனோம். நான் கரையிலிருந்து குதித்தேன். எவ்வளவு உயரம் என்று கேட்காதே, ஆளுக்குத் தகுந்தபடி சொல்லி வைத்திருக்கிறேன். நீ பனியனைக் கழற்றாமலே இறங்கினாய்.

"ஏலே மாப்ளே, பனியனக் கழத்துலே. என்ன வெக்கம்?"

"சளி புடிச்சிருக்கு மச்சான்."

"சளி புடிச்சவன் ஓடைக்கு எதுக்குலே வந்த?"

"உன்னக் காவல் காக்கத்தான். நீ வாயத் தொறந்துக்கிட்டே முங்குற ஆளு."

சிரித்தாய். ஆனால் நனைந்த பனியனின் கைப்பக்கம், தோளுக்குக் கீழே ஒரு கரிய பட்டை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நல்ல தோல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல. என்னலே இது என்றேன். மெஸ்ஸில் எண்ணெய் தெறித்தது என்றாய். அன்று சாயங்காலம் என் அம்மா கேட்டதற்கு, கொதிக்கிற டீ கொட்டிவிட்டது என்றாய். மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்டபோது, பாலைவன வெயில் என்றாய். ஒரு காயத்துக்கு மூன்று கதை சொல்பவன் எதையோ மறைக்கிறான். எனக்கு அது தெரியாமல் போகுமா? நானே அந்த வேலைதானே பார்க்கிறேன்.

தங்கச்சிக்கு வேறு மாதிரிச் சந்தேகம். அடுப்படியில் என்னை ஓரங்கட்டி, "அண்ணே, வடக்க எவளாவது கொதிக்கிற தண்ணியத் தூக்கி ஊத்திருப்பாளோ? ராத்திரி வெளக்கு எரிஞ்சா சட்டையக் கழத்த மாட்டேங்காவ" என்று கண் கலங்கினாள். உன்னைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வரலாமா? நானே துப்பறிந்து உண்மையைக் கண்டுபிடிக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நீ லீவு முடிந்து போன கொஞ்ச நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊர்க்காவல் படைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. நானும் அதில் இருந்தேன். யூனிபாரம் தைத்துக் கொடுத்தவன் நான் என்பதால் முன்வரிசை. வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி கரும்பலகையில் அணுகுண்டு வெடிப்பதை வரைந்து காட்டினார். முதலில் வெளிச்சம் வரும், சூரியனைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாற்போல. சூடு அந்த வெளிச்சத்தோடேயே வரும். காற்றும் சத்தமும் பிறகுதான். வெளிச்சத்தைப் பார்த்தவன் கண் போகும். நேராக எதிரில் நின்றவன் தோல் வேகும். சுவருக்குப் பின்னால் நின்றவன் அந்தச் சூட்டிலிருந்து தப்புவான், ஏனென்றால் வெளிச்சம் எங்கே போகாதோ அங்கே அந்தச் சூடும் போகாது. வெள்ளைத் துணி சூட்டைத் திருப்பி அனுப்பும். கருப்புத் துணி வாங்கி உள்ளே கொடுக்கும்.

அப்புறம் அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஜப்பானில் குண்டு விழுந்த ஊரில், பொம்பளைகள் உடுத்தியிருந்த துணியின் கருப்புப் பூவும் கட்டமும் அவர்கள் தோலில் அப்படியே பொசுங்கி விழுந்திருந்தது என்றார். கல்படியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் மட்டும் படியில் மிஞ்சியது என்றார். மாப்ளே, எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு முழம் சேர்த்துச் சொல்பவன் நான். அதில் மட்டும் எனக்குச் சேர்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. வகுப்பு முடிந்து பஸ் ஏறினேன்.

ராஜபாளையம் வந்து இறங்கியதும்தான் பொறி தட்டியது. தோலில் துணியின் கோடு! அப்படியானால் பனியனுக்குள் நீ மறைத்த முதுகு? நீ ராஜஸ்தான் பக்கம்தானே இருந்தாய்? அரசாங்கம் ஊருக்குத் தெரியாமல் குண்டு வெடித்துப் பார்க்கிறது, அதை நீ பார்த்திருக்கிறாய், சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நேரே வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பொம்பள இல்லயா? குண்டுதானா?" என்று பெருமூச்சு விட்டாள். அணுகுண்டைக் கேட்டு ஆறுதல் அடைந்த ஒரே பெண் இந்த உலகத்தில் என் தங்கச்சியாகத்தான் இருப்பாள்.

அடுத்த லீவில் உன்னிடமே கேட்டேன். "நீ சொன்னா சரிதான் மச்சான்" என்றாய். இல்லை என்று மறுக்கவில்லை! அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வருடம்தான் உன் மகள் பிறந்தாள்.

அதற்குப் பிறகு என் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் உன் கதையைக் கேட்டுத்தான் போனார்கள். அளவு எடுக்கும்போது ஆள் அசையாமல் நிற்பதற்கு அதைவிட நல்ல கதை கிடையாது. முதலில் நீ தொலைவில் நின்றாய். போகப்போகக் கிட்டே வந்தாய். கடைசியில் சுவிட்சைப் போட்டவனே நீதான். மணல் உருகிக் கண்ணாடியாகி, அதில் நீ முகம் பார்த்துத் தலை சீவினாய் என்றுகூடச் சொன்னேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நீ தேவதானத்தில் தென்னையும் மாவும் பார்த்துக்கொண்டு இருந்தபோது, உன்னைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். நீ இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்புவாய். ஒன்றும் பேசமாட்டாய். தீபாவளிக்குப் பிள்ளைகள் புஸ்வாணம் கொளுத்தும்போது மட்டும் ஒவ்வொன்றின் தோளையும் பிடித்துத் திருப்பி நிறுத்துவாய். "வெளிச்சத்துக்கு முதுகக் காட்டுனவன் பொழச்சான்" என்பாய். உன் வாயால் நீ சொன்ன ஒரே சாட்சி அது. அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டில் வடக்கே நிஜமாகவே குண்டு வெடித்துப் பார்த்தார்கள். இங்கே அக்கினி நட்சத்திரம். டீக்கடையில் ஒருவன், "இம்புட்டு வெயிலு எதுக்குக் காயுதுங்க? எல்லாம் அந்தக் குண்டுதான்" என்றான். இன்னொருவன், "டெய்லர் மாப்ளையக் கேளு, அவிய ஏற்கெனவே வெந்தவுக" என்றான். நான் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பேப்பரில் சூடு பற்றி மட்டும் எழுதவில்லை. கதிர்வீச்சு, பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். அதை நான் படிக்கவில்லை. மற்றவர்கள் படித்திருந்தார்கள்.

மறு வருடம் உன் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்த்தார்கள், பூ வைத்தார்கள், கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. தரகர் வந்து தலையைச் சொறிந்தார். பெண்ணின் அப்பா அணுகுண்டில் வெந்தவராமே, அதற்குப் பிறகு பிறந்த பெண்ணாமே, நாளைக்கு வயிற்றில் பிள்ளை எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள் என்றார்.

தங்கச்சி என் கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணே, எம்புள்ள அந்தப் பையன மனசுல வெச்சுட்டா. ரெண்டு நாளாச் சோறு எறங்கல அவளுக்கு. நீ விட்ட கதைய நீயே போயி அணச்சுட்டு வா" என்றாள். நான் அசரவில்லை. "வேற எடம் கெடச்சிருக்கும், அதுக்குச் சாக்கு தேடுதாங்க" என்றேன். போலீஸ்காரர்கள்மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது. துணி கொடுத்தால் மிச்சத் துணியைக் கேட்டு வாங்குவார்கள்.

நீதான் என்னைக் கிளப்பினாய். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு விட்டுக்கொடுத்தாய். "மச்சான், ஒண்ணே ஒண்ணு. அங்க வந்து நீ வாயத் தொறக்கப்படாது" என்றாய்.

"உண்மையச் சொல்லிருவோம் மாப்ளே. சத்தியமாவது ஒண்ணாவது. புள்ள வாழ்க்கை முக்கியம்."

"என்ன உண்ம? நம்ம நாட்டுக் குண்டு பூமிக்கு அடியில வெடிச்சது மச்சான். வெளிச்சமே வெளிய வரல. வெளிச்சம் வராம அந்தச் சூடு எப்படி வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அது என்னலே உன் முதுகுல?"

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். "வேர்க்கடல வாங்கவா?" என்றாய்.

ஏட்டையா வீட்டில் நம்மை உட்கார வைத்துப் பால்கோவா கொடுத்தார்கள். அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அது தொழில் பழக்கம். எவன் உளறுவான் என்று தெரியும்.

"குண்டு வெடிக்கையில இவரு எம்புட்டுத் தூரத்துல நின்னாரு?"

"குண்டே வெடிக்கலங்க" என்றேன்.

"வெடிக்கலன்னா மணலு எப்படிக் கண்ணாடியாச்சு? தல சீவுனாருன்னு சொன்னீகளாமே?"

"அது… கண்ணாடி இல்லிங்க, கண்ணாடி மாதிரி. சீப்பு மட்டும் நெசம்."

நீ உன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாய். மாப்பிள்ளைப் பையன் உள்ளே போய்ச் சிரித்தான். ஏட்டையா சிரிக்கவில்லை. "எனக்கு ஒரே பையன். கதையக் கேட்டுக் கட்டிவெக்க முடியாது. கதையக் கேட்டு வேண்டாம்னு சொல்லவும் முடியாது. உள்ளது என்ன, அதச் சொல்லுங்க" என்று உன்னிடம் கேட்டார். நீ எழுந்தாய். "அண்ணாச்சி, செத்த நேரம் உள்ள வாங்க. காட்டுதேன்" என்றாய். நானும் எழுந்தேன். "நீ கோவாவச் சாப்பிடு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாய்.

இத்தனை வருடம் உன் முதுகைக் காப்பாற்றிப் பேசியவன் நான். யாரோ ஒரு போலீஸ்காரருக்குக் காட்டுகிறாய், எனக்குக் கதவு. காதை வைத்துக் கேட்டேன். முணுமுணுப்பு. "வெறும் சூடுதான் அண்ணாச்சி. தோலோட நின்னுருச்சு" என்று உன் குரல் கேட்டது. பிறகு ஏட்டையா சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு நின்று மூக்கை உறிஞ்சும் சத்தம். எனக்குச் சந்தேகம் கழுத்து வரை ஏறிவிட்டது.

வெளியே வந்தவர் நேரே என்னிடம் வந்து, என் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினார். அரெஸ்ட் பண்ணுகிறார் என்றே நினைத்தேன். என் சட்டை முதுகில் விரலால் தடவி, "இந்தக் கிளிமூக்கு எல்லாச் சட்டைக்கும் வைப்பீகளோ?" என்றார்.

"எல்லாத்துக்கும். இந்த வட்டாரத்துலயே நான் ஒருத்தன்தான்."

"ம்… அடையாளம் சரியாத்தான் இருக்கு" என்றார். உள்ளே பார்த்து, "ஏட்டி, சம்பந்திக்குக் காப்பி கொண்டா" என்று குரல் கொடுத்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. என் தையலின் புகழ் போலீஸ் வரை போயிருக்கிறது என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தாய்.

கல்யாணம் நடந்தது. பேரப்பிள்ளை பிறந்தான், விரல், காது, அழுகை எல்லாம் ஒழுங்காக. பேர் வைத்த சிறிது நாளில், தோப்பில் மட்டை பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த நீ அப்படியே உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

உன்னைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். மச்சான் முறைக்கு நான்தான் முன்னால் நின்றேன். பகல் வெளிச்சத்தில் உன்னைச் சாய்த்து உட்கார வைத்துச் சட்டையை எடுத்தார்கள். நான் சொம்பைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

மேலே தோள் முழுக்க நல்ல தோல். ஒரு வடு இல்லை. அந்த நல்ல தோல் இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வந்து நடுமுதுகில் கூர்மையாக முடிந்தது. கிளிமூக்கு. அதற்குக் கீழே இடுப்பு வரை, பட்டை பட்டையாகக் கரிய கட்டம். நடுநடுவே வெளுத்த சதுரம். என் கத்திரி மாப்ளே. என் துணி. எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லுவேன். சொம்புத் தண்ணீர் என் கால்மேல் கொட்டியது.

காரியம் முடிந்த பிறகு தங்கச்சி சொன்னாள். நீ சுடுபட்டது, கெட்டுப்போன பழைய வெடிமருந்தைக் குழியில் கொட்டி எரித்து அழிக்கிற இடத்திலாம். ஞாயிற்றுக்கிழமை. உனக்கு வேலை இல்லை. கூட்டாளிகளுக்குத் தலைதீபாவளிச் சட்டையைக் காட்ட அந்தப் பக்கம் போனாயாம். முதுகைத் திருப்பி வெட்டைக் காட்டிக்கொண்டு நின்றபோது குப்பென்று ஒரு வெளிச்சம். நெருப்பு உன்னைத் தொடவே இல்லையாம். வெளிச்சத்தோடு வந்த சூடு மட்டும். பக்கத்தில் வெறும் வெள்ளைச் சட்டையில் நின்றவனுக்கு லேசாகச் சிவந்ததோடு போயிற்று. உனக்குக் கருநீலம் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் வெந்துபோனது.

"உனக்கு எப்பட்டீ தெரியும்?" என்றேன்.

"புள்ள பொறந்தப்பவே சொன்னாவ. அண்ணன்ட்ட மூச்சு விடப்படாதுன்னாவ. தெரிஞ்சா கத்திரியத் தூக்கிப் போட்ருவான், அவனுக்கு வேற ஒரு வேலையும் தெரியாதுன்னாவ. நீ குண்டுக் கதைய ஆரம்பிச்சதும் அவியளுக்கு நிம்மதி. மச்சானே நல்லா மறச்சுக் கொடுத்துட்டான்னு சிரிப்பாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு இதையும் சொன்னாள்: "தோளுல ரெண்டு மடிப்பு வெச்சுத் தைச்சான்ட்டி உங்க அண்ணன், இல்லேன்னா கழுத்தும் சேந்து போயிருக்கும்னு சாமி கும்பிடும்போதெல்லாம் சொல்லுவாவ."

அவள் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. சாமி கும்பிடும்போதெல்லாம் என்பது அவள் சேர்த்ததாக இருக்கலாம். என் தங்கச்சிதானே. ஆனால் தோளில் வடு இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது மாப்ளே. வெளிச்சத்தைப் பார்த்தவன் கண் போகும் என்று அந்த வகுப்பில் கேட்டவன் நான். என் வெட்டைக் காட்டத்தான் நீ திரும்பி நின்றாய். அப்படியானால் அந்தச் சட்டை உன்னைச் சுட்டதா, காப்பாற்றியதா? நீ இருந்தால், "வேர்க்கடல வாங்கவா" என்பாய்.

உன் மருமகனின் சட்டையை நேற்றே தைத்து முடித்துவிட்டேன். கருகிய ஓரத்தை மடிப்புக்குள் தள்ளிவிட்டேன், அது தொழில். கிளிமூக்கு வைத்தேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு முழுக்க உள்ளே இன்னொரு துணி கொடுத்தேன், நல்ல வெள்ளை. சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்தான்.

"என்ன மாமா, பின்னாடி இம்புட்டுக் கனமா இருக்கு? வேர்க்குமே."

"இதுவா? இது மிலிட்டரி வெட்டு மாப்ளே" என்றேன். "உங்க மாமனாரு வடக்க இருந்து பாத்துட்டு வந்து எனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தாவ. வேற எவனுக்கும் தெரியாது."

நம்பிவிட்டான். கண்ணாடி முன்னால் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், உன்னைப்போலவே.